தன்பாட்டிலை மாஸ்டரும் புராண ராகத்தில் ஏறிய புள்ளிகளும்

முதலில் ஆசிரியர் ஐயாவிடமும் வாசிக்கிறவர்களிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறின முற்றம் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. அச்சுக் கோக்கிற தம்பிமார் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். விசயத்தை மட்டும் திருத்த வேண்டாம். அது நடந்தபடியே இருக்கிறது.

விசயம் இதுதான். யாழ்ப்பாணத்தில் எத்தனையோ கெட்டிக்காரர் பிறந்திருக்கிறார்கள். ஆனால் ஒரு ஆள் செய்து முடிக்கிற வேலையை நாலு ஆளை வைத்துத் தானாக நடக்கப் பண்ணின மனிதர் ஒருவர்தான். அவர் எங்கள் தன்பாட்டிலை மாஸ்டர்.

தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அது சம்பள நாளில் மட்டும் வெளியே வரும். மற்ற நாளெல்லாம் அவர் வாயில் இருந்தது ஒரே ஒரு வசனம். யாராவது குனிந்து ஒரு வேலை செய்வதைக் கண்டால் போதும், "உதுக்கேன் மினக்கெடுறியள்? உது தன்ரை பாட்டிலை நடக்கும்!" என்பார், உலகத்தில் எல்லாம் தானாகவே நடக்கிற மாதிரி. கூட்டுகிறவரிடம் சொல்வார், கிணற்றில் அள்ளுகிறவரிடம் சொல்வார். ஒருமுறை செத்த வீட்டில் பறை அடித்துக்கொண்டு நின்றவரிடமும் சொல்லிவிட்டார். அதோடு ஊர் அவருக்குப் பெயர் வைத்துவிட்டது.

கொழும்பில் ஒரு கந்தோரின் கொம்பியூட்டர் பகுதியில் வேலை பார்த்தவர். எண்பத்துமூன்று கலவரத்தில் எல்லோரையும் போலக் கப்பலில் வந்து இறங்கினார். மற்றவர்கள் உடுத்த துணியோடு வந்தார்கள். இவர் உடுத்த துணியோடும் ஒரு ஸ்குரூ டிரைவரோடும் வந்தார். அந்த ஸ்குரூ டிரைவர் கடலில் விழுந்திருந்தால் உரும்பிராய் இன்னும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

உரும்பிராயில் அப்போது ஒரு தொழிற்கல்விக் கூடம் இருந்தது. ஊர்ச் சபை ஒன்று நடத்தினது. தட்டெழுத்து, கணக்குப் பதிவு, வீடு கட்டுவதற்குப் படம் கீறுதல் என்று மூன்று வகுப்புகள். மாஸ்டர் அங்கே கணக்குப் படிப்பித்தார். நான் அங்கே வேலையாள். மணி அடிப்பது, படலை திறப்பது, தேத்தண்ணி போடுவது எல்லாம் என் பொறுப்பு. சபைக்குத் தலைவர் ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்டர். ரயில் ஓடாத ஊரில் இருந்துகொண்டு எல்லாம் நேரத்துக்கு நடக்க வேண்டும் என்று எதிர்பார்த்த மனிதர்.

மாஸ்டர் முதலில் கை வைத்தது என் மணியில். பாடத்துக்குப் பாடம் நான் போய்த் தண்டவாளத் துண்டில் சுத்தியலால் அடிப்பேன். அதைப் பார்த்து அவருக்கு மனம் நொந்துபோனது.

"தம்பிராசா, ஒரு மனிசன் நாள் முழுக்க இரும்பிலை அடிக்கிறதே? உது தன்ரை பாட்டிலை அடிக்கும்."

"ஓம் சேர்," என்றேன். வேறு என்ன சொல்ல? நான் வாய் திறந்து மறுத்துப் பேசின சரித்திரம் இல்லை.

கூரையில் ஒரு தண்ணீர்ப் பானை ஏறியது. அதில் ஊசித் துவாரம். கீழே பால்மா வந்த ஒரு தகர ரின். ரின் நிறைந்தால் சாயும், சாய்ந்தால் கயிறு இழுபடும், கயிறு இழுபட்டால் சுத்தியல் விழும். பானைக்குத் தண்ணீர் சுமக்க நான். துவாரத்தில் பாசி பிடிக்காமல் குத்திவிட இராக் காவலாளி, பகலிலும். ரின் ஒழுங்காகச் சாய்கிறதா என்று பார்க்க மாஸ்டர். சாயாவிட்டால் சுத்தியலால் அடிக்க மறுபடியும் நான். மற்றபடி எல்லாம் தானாகவே நடந்தது.

கார்த்திகை மழை தொடங்கினதும் மணிக்கு ஒரு உற்சாகம் பிறந்தது. மாஸ்டர் வகுப்புக்குள் போய் "பிள்ளையள்" என்று வாய் திறப்பார், பாடம் முடிந்துவிடும். அடுத்தவர் வந்து வெண்கட்டியை எடுப்பார், அவருடையதும் முடிந்துவிடும். அந்த மழைக் கிழமையில் எங்கள் பிள்ளைகள் ஒரு வருடப் பாடம் முழுவதையும் முடித்துவிட்டார்கள் என்று தலைவர் கணக்குப் பார்த்துச் சொன்னார். பாராட்டுகிறார் என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார்.

பிறகு படலை. ஆடுகள் உள்ளே வராமல் தானாகப் பூட்டிக்கொள்ள, கயிற்றில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டார். ஆடுகள் இரண்டு நாளில் அந்தப் படலையோடு பழகிவிட்டன, தள்ளிக்கொண்டு உள்ளே வரும், போகும். தலைவர்தான் பழகவில்லை. ஒருநாள் அவர் வேட்டியின் ஒரு பாதி படலைக்கு வெளியேயும், அவரும் மறுபாதியும் உள்ளேயுமாக நின்றார்கள்.

"மாஸ்டர்! உம்மடை விசர்ப் படலையைத் திறவும்!"

"கையாலை திறக்காதையுங்கோ ஐயா! பழுதாப் போம். கொஞ்சம் பொறுங்கோ, தன்ரை பாட்டிலை விடும்."

அது விடவில்லை. வேட்டிதான் விட்டது.

இதெல்லாம் அவர் கை பழகின காலம். அவருடைய உண்மையான பக்தி கொம்பியூட்டரில் இருந்தது. வெளிநாட்டுக்குப் போன ஊரவர் ஒருவர் கூடத்துக்கு ஒன்றை அன்பளிப்பாக அனுப்பியிருந்தார். நாங்கள் அதை மெசின் என்று சொல்வோம். தொண்ணூறில் சண்டையோடு குடாநாட்டுக்கே கரண்ட் நின்றது. அதன்பிறகு மெசினுக்குப் பட்டுப் போர்வை போர்த்து, சந்தனப் பொட்டு வைத்து, வாணிவிழா அன்று மட்டும் திறந்து, முன்னால் அவலும் கடலையும் படைப்போம். நான் பார்த்த அளவில் அந்த மெசின் யாருக்கும் தொல்லை கொடுக்காமல் இருந்தது அந்த இரண்டு வருடம்தான்.

மாஸ்டருக்கு அது பொறுக்கவில்லை. கூடத்தின் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற மண்ணெண்ணெய் எஞ்சினை அறைக்குப் பக்கத்தில் தூக்கி வைத்து, ஒரு டைனமோவைப் பூட்டி, மெசினுக்கு உயிர் கொடுத்தார். எஞ்சின் வேலை செய்தால் பக்கத்தில் நிற்கிறவர் சொல்வது கேட்காது. கேட்காததால் பல சண்டைகள் வராமலும் போயின. ஆனால் தலைவருக்கு அந்த எஞ்சின்மீது வேறொரு கண். அவருடைய வெங்காயத் தோட்டத்தில் ஆட்கள் துலா மிதித்துக்கொண்டிருந்தார்கள். நல்ல எஞ்சின் ஒன்று பெட்டிக்கு விளக்கெரிக்கிறதே என்று போகிற வருகிறவர்களிடம் சொல்லிப் பெருமூச்சு விடுவார்.

இப்போது பரீட்சைக்கு வருகிறேன். எங்கள் கூடம் போல இருந்த நாலைந்து இடங்களுக்குச் சேர்த்து, குடாநாடு முழுக்க ஒரே நாளில், ஒரே கேள்வித்தாளில் தெரிவுப் பரீட்சை ஒன்று வைப்பார்கள். புள்ளிகள் பட்டணத்திலிருந்து வரும். அதை வைத்துத்தான் யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்று நாங்கள் தீர்மானிக்க வேண்டும். அந்த முறை காகிதத் தட்டுப்பாடு. பட்டணத்தில் இருந்தவர்கள் பெயரையும் விட்டார்கள், சுட்டெண்ணையும் விட்டார்கள். புள்ளிகளை மட்டும் சுட்டெண் ஒழுங்கில், வரிசை வரிசையாக நெருக்கி ரோனியோவில் பிரதி அடித்து அனுப்பிவிட்டார்கள். முதல் சுட்டெண் மட்டும் தலைப்பில் இருந்தது. மிச்சத்தை விரல் வைத்து எண்ணிப் பிடித்துக்கொள்ள வேண்டும். வராத பிள்ளைக்கு ஒரு சின்னக் கோடு.

தட்டெழுத்துப் படிப்பிக்கிற பத்மா ரீச்சர் வருடா வருடம் பென்சிலும் அடிமட்டமும் வைத்து இதைச் செய்து முடிப்பார். முணுமுணுப்பார், ஆனால் முடிப்பார். மாஸ்டர் அவரைத் தடுத்துவிட்டார்.

"பிள்ளை, கற்காலமே இது? புள்ளியை மட்டும் மெசினிலை அடியும். ஆரின்ரை புள்ளி எண்டதை அது தன்ரை பாட்டிலை கண்டுபிடிக்கும். இடம் குடுக்கிறதும் தன்ரை பாட்டிலை."

"சேர், சுட்டெண்ணையும் சேர்த்து அடிச்சால் என்ன? ஒரு பாதுகாப்புக்கு."

"ஏன் இரண்டு வேலை? ஒரு புள்ளி அடிச்சால் அடுத்த சுட்டெண் தன்ரை பாட்டிலை வரும்."

"ஒண்டு ரெண்டு கூடிப் போச்செண்டால்?"

"மிஞ்சினதை மெசின் தன்ரை பாட்டிலை விட்டிடும். நான் அப்பிடித்தான் எழுதி வைச்சிருக்கிறன்."

அவர் எழுதி வைத்ததைப் பார்த்தால், இவ்வளவு நல்ல குணமுள்ள மெசினை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. கூடினாலும் கோபிக்காது, கேள்வி கேட்காது.

பத்மா ரீச்சர் அடிக்கிறபோது காகிதத்தையும் பார்க்கமாட்டார், திரையையும் பார்க்கமாட்டார். காது கேட்பதை விரல் அடிக்கும், இடையில் மனம் வந்து குறுக்கிடாது. ஆகவே வாசிக்க ஒருவர் வேண்டும். எஞ்சின் சத்தத்தை மீறி வாசிக்க வேண்டும். அதற்கு ஊரில் ஒரே ஒரு தொண்டைதான் இருந்தது. பிள்ளையார் கோயிலில் புராணம் படிக்கிற பெரியவர். எல்லோரும் அவரைப் புராணத்தார் என்போம். அவர் கோயிலில் படித்தால் கோப்பாயில் மாடு திரும்பிப் பார்க்கும்.

புராணத்தார் குளித்து, திருநீறு பூசி, தோளில் சால்வையோடு வந்தார். மெசினுக்கு முன்னால் சம்மணம் கட்டி இருந்து, கண்ணாடியைத் துடைத்தார்.

"படிக்கிறது நான். பயன் சொல்லுறது ஆர், தம்பி?"

புராணத்தில் ஒருவர் பாட்டைப் படிக்க இன்னொருவர் பொருள் சொல்வதுதானே வழக்கம்.

"பயன் மெசின் சொல்லும், ஐயா," என்றார் மாஸ்டர்.

"நல்லது," என்று புராணத்தார் ஏற்றுக்கொண்டார். முன்பு பயன் சொல்லிக்கொண்டிருந்தவரோடு அவருக்கு ஏற்கெனவே மனத்தாங்கல்.

எஞ்சின் அதிர்ந்தது. புராணத்தார் தொடங்கினார். முதல் புள்ளியே நல்ல சகுனம், தொண்ணூற்றொன்று. அதை அவர் இழுத்த இழுப்பில் ஓட்டில் இருந்த அணில் இறங்கிப் போனது. எழுபதுக்கு மேற்பட்ட புள்ளியெல்லாம் மோகனத்தில் வந்தது. முப்பதுக்குக் கீழே என்றால் முகாரி. கோடு வந்த இடத்தில் "வரவில்லையே... ஏ... ஏ..." என்று அவர் உருகினபோது வேலிக்கு அப்பால் நின்ற ஒரு மனுசி கண்ணைத் துடைத்தாவாம். இதெல்லாம் பிறகு பத்மா ரீச்சர் சொல்லி அறிந்தது. எனக்கும் மாஸ்டருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. நான் வெளியே எஞ்சினோடு. மாஸ்டர் யன்னலடியில் மீற்றரைப் பார்த்தபடி எனக்குக் கையைக் காட்டிக்கொண்டு நின்றார். மேலே காட்டினால் கூட்ட வேண்டும், கீழே காட்டினால் குறைக்க வேண்டும். இடையில் நான் ஓடிப்போய்த் தேத்தண்ணியும் கொடுக்க வேண்டும்.

அந்தப் பரீட்சை எழுதினவர்களில் என் மூத்த மகள் தேவியும் ஒருத்தி. படம் கீறும் வகுப்புக்கு. அவளுக்கு அதுதான் கடைசி வருடம், அடுத்த முறை வயது கடந்துவிடும். கோடு கீறினால் அவள் கை நடுங்காது. என்னைப் போலக் கோணல் கை இல்லை. அதோடு படிப்பும் இல்லாமல் வேலையும் இல்லாமல் வீட்டில் இருக்கிற பிள்ளைகள் ஒருநாள் சொல்லாமல் எழும்பிச் சண்டைக்குப் போய்விடுவார்கள் என்பது எல்லாத் தாய் தகப்பனுக்கும் தெரிந்த காலம் அது. அவள் தாய் இரவில் எழும்பி, பாயில் பிள்ளை இருக்கிறாளா என்று கையால் தடவிப் பார்த்துவிட்டுப் படுப்பாள்.

மறுநாள் மெசின் பயன் சொன்னது. நீளக் காகிதத்தில் பட்டியல் அடித்து, மாஸ்டர் பசை பூசிப் பலகையில் ஒட்டினார். தலைவரின் மகன் ரமணனுக்கு எழுபத்துநாலு, இடம் உண்டு. அதற்கு நேர் கீழே என் மகள் தேவி. இரண்டு விண்ணப்பத்தையும் ஒரே நாளில் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன், அதனால் சுட்டெண்ணும் அடுத்தடுத்து. தேவிக்கு நேரே புள்ளியே இல்லை. இங்கிலிசில் ஏதோ இருந்தது. பத்மா ரீச்சர் வாசித்துச் சொன்னார். அப்சென்ற், பிள்ளை வரவில்லையாம்.

அவளைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டுபோய்ப் பரீட்சை மண்டப வாசலில் இறக்கினவன் நான். மெசினுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது.

"அப்பா, வாங்கோ, போய் மாஸ்டரிட்டைக் கேப்பம்," என்றாள் தேவி.

"நாளைக்குக் கேப்பம் பிள்ளை. அவர் இப்ப வேலையா நிக்கிறார்."

"நாளைக்கு நீங்கள் நாளண்டைக்கு எண்டுவியள்," என்றுவிட்டுத் தானே போனாள். நான் பின்னால் போய்த் தூணோடு நின்றேன்.

"சேர், நான் சோதினைக்கு வந்தனான்."

"மெசின் இல்லையெண்டல்லோ சொல்லுது, பிள்ளை."

"நீங்கள்தானே சேர் மண்டபத்திலை நிண்டனீங்கள்? என்ரை பேனை எழுதேல்லையெண்டு உங்கடை பேனையைத் தந்தனீங்கள்!"

மாஸ்டர் தன் சட்டைப் பையைக் குனிந்து பார்த்தார். அந்தப் பேனையை அவர் மறந்திருக்க முடியாது. மை தானாக ஊறுகிற பேனை, அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. அது தானாக ஊறித் தேவியின் வெள்ளைச் சட்டை, முழங்கை, பக்கத்தில் இருந்த பிள்ளையின் கேள்வித்தாள் வரைக்கும் எழுதினது.

அதே நேரம் தலைவர் வீட்டில் இன்னொரு சண்டை. ரமணன் நல்ல பெடியன், பொய் வராது. அதுதான் தகப்பனுக்கு அவனில் இருந்த ஒரே மனக்குறை. அவனே பிறகு எனக்குச் சொன்னான்.

"அப்பா, நான் சோதினைக்குப் போகேல்லை."

"விசர்க் கதை கதையாதை. எழுபத்துநாலு எடுத்திருக்கிறாய்."

"நான் அண்டைக்குப் பருத்தித்துறையிலை கரப்பந்தாட்டம் பாத்துக்கொண்டு நிண்டனான்!"

"மெசினுக்குத் தெரியாத விசயம் உனக்குத் தெரியுமோடா?"

சபை கூடியது. திரும்பவும் முதலில் இருந்து அடித்துப் பார்க்கலாம் என்று மாஸ்டர் சொன்னார். விரலால் எண்ணினால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும் என்று பத்மா ரீச்சர் சொன்னார். அது மிகவும் இலகுவாக இருந்ததால் ஒருவரும் கவனிக்கவில்லை. புராணத்தார் மறுபடியும் குளித்து வந்தார். எஞ்சின் மறுபடியும் அதிர்ந்தது. சபையார் புகைக்குப் பயந்து தூரத்து வகுப்பறையில் போய் இருந்தார்கள். மெசின் மறுபடியும் பயன் சொன்னது. ரமணன் எழுபத்துநாலு. தேவி அப்சென்ற்.

தலைவர் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கினார். "ஒரே கேள்விக்கு ரெண்டு தரமும் ஒரே மறுமொழி சொல்லுறவன் பொய்யன் இல்லை. ஸ்ரேசனிலை நாங்கள் அப்பிடித்தான் ஆக்களைப் பிடிக்கிறனாங்கள். விசயம் முடிஞ்சுது."

"முடியேல்லை," என்றாள் ஒருத்தி.

தேவி உள்ளே வந்து ஒரு சட்டையை மேசையில் விரித்தாள். தாய் தேங்காய்ச் சிரட்டைச் சாம்பலும் தேசிக்காயும் போட்டு எத்தனை தரம் தோய்த்தும் போகாத மை. வடக்கே ஒரு குளம், தெற்கே ஒரு குளமாகப் படம் மாதிரிக் கிடந்தது. "நான் வராமல் இந்த மை எங்கையிருந்து வந்தது? சேரைக் கேளுங்கோ."

எல்லோரும் மாஸ்டரைப் பார்த்தார்கள். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தலைவர் மெதுவாகச் சொன்னார்: "யோசிச்சுச் சொல்லும் மாஸ்டர். பிள்ளை வந்ததெண்டால் மெசின் பிழை. மெசின் பிழையெண்டால் அதுக்கு எஞ்சின் எதுக்கு? எங்கடை வெங்காயம் காயுது."

மாஸ்டர் சட்டையைப் பார்த்தார். யன்னலுக்கு வெளியே, பட்டுப் போர்வையோடு இருந்த மெசின் பக்கம் பார்த்தார். கொழும்பில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த மனிதருக்கு மிஞ்சினது ஒரு ஸ்குரூ டிரைவர் என்று முன்னம் சொன்னேன். பிறகு கிடைத்தது அந்த மெசின். மணி பிழைத்தபோது மழையில் பிழை என்றார். படலை பிழைத்தபோது வேட்டியில் பிழை என்றார். தன் கையால் செய்த ஒன்றைப் பிழை என்று அவர் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை.

"பிள்ளை வந்தது," என்றார். "என்ரை கண்ணாலை பாத்தனான். மெசின் பிழை."

தலைவர் ஒரு நிமிடம் கணக்குப் பார்த்தார். ஒரு பக்கம் மகனுடைய இடம், மறுபக்கம் எஞ்சின். மகன் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கமாட்டான் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். "அப்ப சரி, கையாலை எழுதுங்கோ," என்று எழும்பினார். அன்று பின்னேரமே மாட்டு வண்டில் வந்து எஞ்சினை ஏற்றிக்கொண்டு போனது. அதை ஏற்ற நானும் ஒரு கை பிடித்தேன். மாஸ்டர் ஒவ்வொரு நட்டையும் தானே கழற்றி, எண்ணெய் துடைத்து, கடதாசியில் சுற்றிக் கொடுத்தார்.

அடுத்த நாள் கையால் எழுதுகிற வேலை. புள்ளிகளில் மை மங்கிப்போய் இருந்ததால் மூன்றையும் எட்டையும் பிரித்துச் சொல்ல இரண்டு தரம் படித்த புராணத்தார்தான் வேண்டும். அவர் படித்தார், பத்மா ரீச்சர் சுட்டெண்ணுக்கு நேரே பென்சிலால் எழுதினார். எஞ்சின் இல்லை. அறை அவ்வளவு அமைதி. புராணத்தாருக்கே தன் குரலைக் கேட்டுக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

முதல் பக்கம் முடிகிற இடத்தில் புள்ளி ஒன்பது. முகாரியில் இழுத்து முடித்தார். அந்த நேரம் நான் தேத்தண்ணியோடு உள்ளே வந்தேன். புராணத்தார் காகிதத்தை மேலே தள்ளி, கண்ணை மூடி, மோகனத்தில் கணீரென்று எடுத்தார்: "தொண்ணூற்றொன்ன்ன்று!" பிறகு தேத்தண்ணிக்குக் கையை நீட்டினார்.

பத்மா ரீச்சரின் பென்சில் அடுத்த சுட்டெண்ணில் நின்றது.

"ஐயா, இந்தத் தொண்ணூற்றொண்டு ஆரின்ரை புள்ளி?"

"ஆரின்ரையும் இல்லைப் பிள்ளை. முதல்லை படிச்சதுதான்."

"பிறகேன் திருப்பிப் படிச்சனீங்கள்?"

புராணத்தார் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஒன்பதிலை நிப்பாட்டிப்போட்டு வாய் நனைக்கிறதே? நல்ல இடத்திலை வந்துதானே படிப்பை நிறுத்த வேணும். கோயில்லை யுத்தத்திலை விட்டுட்டு எழும்புறனாங்களே? மங்களமாய் ஒண்டு படிச்சுத்தான் எழும்புறது."

"முந்தின ரெண்டு தரமும்?"

"எந்தத் தரமும் அப்பிடித்தான். தேத்தண்ணிக்கு ஒருக்கால், வெத்திலைக்கு ஒருக்கால். நாற்பது வருசப் பழக்கம்."

பத்மா ரீச்சர் தன் விரல்களைத் தூக்கிப் பார்த்தார். அவை கேட்டதையெல்லாம் அடித்திருந்தன. முதல் தேத்தண்ணியோடு ஒரு தொண்ணூற்றொன்று கூடிப்போக, அதற்குப் பிறகு வந்த எல்லாப் புள்ளியும் ஒரு ஆள் தள்ளி ஏறியிருக்கிறது, வெற்றிலைக்குப் பிறகு இரண்டு ஆள் தள்ளி. ரமணனுக்கு முன்னால் இருந்த யாரோ ஒரு பிள்ளையின் எழுபத்துநாலு ரமணனுக்கு. கரப்பந்தாட்டம் பார்க்கப் போன ரமணனின் கோடு என் மகளுக்கு. கடைசியில் மிஞ்சின புள்ளிகளை, மாஸ்டர் சொல்லிக் கொடுத்தபடி, மெசின் மரியாதையாக விட்டுவிட்டது.

புராணத்தார் குடியாமல் கிளாஸைக் கீழே வைக்கப் போனார். "அப்ப தம்பி... என்னாலையோ எல்லாம்?"

மாஸ்டர் எழும்பி அவருடைய கிளாஸைப் பிடித்தார். இரண்டு நாளில் முதல் தரம் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். மெசின் பிழையில்லை. எஞ்சின் இனி வராது, அது வேறு விசயம். மெசின் பிழையில்லை.

"இல்லை ஐயா," என்றார். "நீங்கள் படிச்சது சரி. பிள்ளை அடிச்சதும் சரி. மங்களம் எண்டு ஒண்டு இருக்கெண்டு நான்தான் மெசினுக்குச் சொல்லிக் குடுக்கேல்லை. குடியுங்கோ, ஆறப்போகுது."

தேவிக்கு அறுபத்தெட்டு. இடம் கிடைத்தது. ரமணன் சைக்கிளில் வந்து, வாழ்க்கையிலேயே பெரிய பாரம் இறங்கின மாதிரிச் சிரித்து, அவளுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனான். அன்று இரவு என் மனைவி பாயைத் தடவிப் பார்க்காமல் நித்திரை கொண்டாள்.

எஞ்சினைத் திருப்பிக் கேட்கலாம் என்று பத்மா ரீச்சர் சபைக்குப் போய்ச் சொன்னார். "மெசின் பிழை எண்டு மாஸ்டர்தானே சொன்னவர்? கூட்டக் குறிப்பிலை இருக்கு," என்றார் தலைவர். மாஸ்டர் அதோடு விட்டுவிட்டார். தலைவரின் தோட்டத்து வழியால் போகும்போது மட்டும் சைக்கிளை நிறுத்தி, காலை ஊன்றி, எஞ்சின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்பார். ஒருநாள் நானும் கூட நின்றேன். "சத்தம் கொஞ்சம் பிசகு தம்பிராசா. எண்ணெய் விடுறதில்லைப் போல," என்றுவிட்டு மிதித்தார். அடுத்த நாள் தலைவர் கேளாமலே போய் அதற்கு எண்ணெய் விட்டுவிட்டு வந்தார். எண்ணெய் தானாக ஊறுகிற ஒரு ரின்னையும் பூட்டிவிட்டு வந்தார். அந்த வருடம் தலைவரின் வெங்காயம் முழுக்க மண்ணெண்ணெய் மணத்தது என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள்.

இவ்வளவும் எழுதினது ஒரு காரணத்துக்காக. நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. அவர் வீட்டுப் படலையில் நின்று இரண்டு தரம் திரும்பி வந்துவிட்டேன். ஆனால் இந்தப் பத்திரிகையை வாரா வாரம் சந்திக் கடையில் நின்றபடி, காசு கொடாமல், கடைசிப் பக்கம் வரை வாசிக்கிறவர் அவர். அதனால் இங்கே சொல்கிறேன். சேர், தேவி கீறின முதல் படம் சரிவந்துவிட்டது, இனிக் கட்டப்போகிறார்கள். சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மண் சுவரும் கிடுகுக் கூரையும்தான். அத்திவாரத்துக்கு நாட்கல் வைக்க ஆரைக் கூப்பிடுவம் என்று கேட்டார்கள். உங்களைத்தான் கூப்பிட வேண்டும் என்று அவள் நிற்கிறாள். வாற வெள்ளிக்கிழமை விடியக் குளித்து வெளிக்கிட்டு நில்லுங்கோ, சேர். நான் சைக்கிளில் வந்து ஏற்றிக்கொண்டு போறன்.

உரும்பிராய்,
1995 ஆவணி 20, ஞாயிற்றுக்கிழமை.